படை உடைந்த பின்னும் நின்றவர்கள்

பண்டைக்காலப் போர் ஒன்றில் ஒரு படை தோற்றது என்றால், அதன் வீரர்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே வெட்டுண்டு மாண்டார்கள் என்று கொள்ளலாகாது. அணியின் ஏதோ ஒரு பகுதி தன் இடத்தை விட்டு நகர, அதைக் கண்டவர்கள் மனம் தளர்ந்து திரும்ப, ஒழுங்காக நின்ற கூட்டம் சிறிது நேரத்தில் திசைக்கொருவராகச் சிதறி ஓடியது என்பதே பெரும்பாலான தோல்விகளின் வரலாறு. கேடயம் பிடித்து எதிரே நிற்பவனைக் கொல்வது கடினம், முதுகைக் காட்டி ஓடுபவனைக் கொல்வது எளிது என்பதால், களத்தில் விழுந்த பிணங்களுள் பெரும்பகுதி இந்த ஓட்டத்தின்போது விழுந்தவையே. பிரெஞ்சுப் படை அதிகாரியாக இருந்து 1870 ஆம் ஆண்டுப் போரில் உயிர்நீத்த ஆர்தான் து பிக், பண்டைய போர்களைப் பற்றி எழுதிய ஆய்வில் இதை அழுத்திச் சொன்னார். அக்காலப் போர்களில் வென்ற தரப்பின் இழப்பு மிகச் சிறியதாகவும் தோற்ற தரப்பின் இழப்பு அதைப் போலப் பன்மடங்காகவும் இருந்ததற்கு இதுவே முதன்மையான காரணம். எவன் நன்றாக வெட்டினான் என்பதைவிட எவன் தன் இடத்தில் நின்றான் என்பதே ஒரு படையின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்தது.

அஞ்சுவது மனித இயல்பாக இருக்க, ஒருவனை அந்த இடத்தில் நிற்க வைத்தது எது என்ற கேள்விக்கு ரோமானியர் தந்த விடையை உலக வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில் இதே கேள்வியை எதிர்கொண்ட தமிழர், தங்கள் விடையை இலக்கணத்திலும் பாட்டிலும் கல்லிலும் எழுதி வைத்தனர்; அந்த விடையின் பெரும்பகுதி இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் மண்ணோடு கலந்தது என்பது அப்பகுதியில் வாழ்வோருக்கே போதிய அளவு தெரிந்திருக்கவில்லை.

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் அமைந்துள்ள சூரமங்கலத்தை நடுவாக வைத்துப் பார்த்தால், மேற்கே இரும்புத் தாது செறிந்த கஞ்சமலை, வடகிழக்கே சேர்வராயன் மலைத்தொடர், தென்கிழக்கே சமவெளியைத் தாண்டி நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வடக்கே தொப்பூர்க் கணவாயைக் கடந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் பழைய தகடூராகிய தருமபுரி என, சங்ககாலப் போர்களுள் மிகக் கடுமையானவை நிகழ்ந்த இடங்கள் இந்தச் சமவெளியைச் சூழ்ந்து நிற்கின்றன. தகடூரை ஆண்டவர்கள் அதியமான்கள். அவர்களின் வீரர்களாகப் பேசப்படும் மழவர், வேலும் வில்லும் ஏந்தி மேட்டு நிலங்களில் ஆநிரை மேய்த்தும் கவர்ந்தும் வாழ்ந்த மறக்குடியினர். அசோகரின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் இவர்களே என்பதை, 1981 ஆம் ஆண்டு திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரையும் அந்தப் பட்டத்தையும் சேர்த்துத் தந்து உறுதிசெய்தது.

கொல்லிமலையை ஆண்ட ஓரியை, திருக்கோவலூரின் மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று, மலையைச் சேரருக்குக் கொடுத்ததிலிருந்து இப்பகுதியின் நீண்ட பகை முற்றியது. பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து, கொல்லிக் கூற்றத்தில், அதாவது கொல்லிமலையைச் சார்ந்த நாட்டுப் பிரிவில், அதியமானையும் அவனுக்குத் துணையாக வந்த இருபெரு வேந்தரையும் ஒரே களத்தில் வென்று, பின் தகடூர்க் கோட்டையையும் தகர்த்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பதிகம், அதாவது பாட்டுடைத் தலைவனின் செய்திகளைத் தொகுத்துச் சொல்லும் பிற்சேர்க்கை, தெரிவிக்கிறது. இந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்தது. அது முழுதாகக் கிடைக்காமல், புறத்திரட்டு என்ற தொகுப்பிலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் சில செய்யுள்களாக மட்டும் எஞ்சியது தமிழ் வரலாற்றுக்குப் பேரிழப்பு. இருந்தும், எட்டாம் பத்தைப் பாடி வெற்றி பெற்ற சேரனைப் புகழ்ந்த அரிசில் கிழாரே, தகடூரில் பொருது வீழ்ந்த அதியமான் எழினிக்காகப் புறநானூற்றில் ஒரு கையறுநிலைப் பாட்டும், அதாவது இரங்கற்பாட்டும் பாடினார் என்பது, அக்காலப் புலவர்களின் பார்வை எவ்வளவு அகன்றது என்பதைக் காட்டுகிறது. நின்று மடிந்தவன் எந்தப் பக்கத்தவன் ஆனாலும் அவனுக்குரிய பாட்டு மறுக்கப்படவில்லை.

இந்த மனப்பான்மையை இலக்கணமாக வகுத்தது தொல்காப்பியத்தின் புறத்திணையியல். போரையும் அதனோடு சேர்ந்த வாழ்வையும் திணைகளாக, அதாவது ஒழுக்கப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் ஒரு பூவின் பெயரைச் சூட்டி, அதனுள் நிகழக்கூடிய நிலைமைகளைத் துறைகள் என்று வகுத்த அந்நூல், இரு வேந்தர் நேருக்கு நேர் நின்று வலிமை காட்டும் பெரும்போருக்குத் தும்பை என்று பெயரிட்டது. தும்பையின் துறைகளை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது: அவற்றுள் முதன்மையான பல, வெற்றி பெறும் கணத்தைப் பேசாமல், நிலைமை கைமீறிப் போகும் கணத்தைப் பேசுகின்றன. தன் வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொண்ட வேளையில், வேறிடத்தில் போரிட்டிருந்த ஒருவன் திரும்பி வந்து தனியனாய் அவர்களைத் தடுப்பது தார்நிலை. படையின் பின்பகுதியைக் கூழை என்பர். முன்னணி உடைந்து கூழையும் நிலைகுலையும்போது அதைத் தாங்கி நிற்பவனின் செயல் எருமை என்றே பெயர் பெற்றது. கையிலிருந்த படைக்கலம் அழிந்த பிறகு உடல் வலிமையை மட்டும் கொண்டு நின்று பொருவதற்கும் ஒரு தனித் துறை உண்டு.

ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில் ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை இத்துறைகளை விரித்து, தன் படை முழுதும் புறங்கொடுத்து ஓடும்போது ஒருவன் மட்டும் வருகிற சேனையை எதிர்த்து நிற்பதை எருமை மறம் என்று அழைத்தது. குதிரையையோ சிங்கத்தையோ தேர்ந்தெடுக்காமல் எருமையைத் தேர்ந்தது, ஆநிரையோடு வாழ்ந்த மக்களின் கண்டறிவு. கொம்பைத் தாழ்த்தி, கால்களை ஊன்றி, எதிரே வருவதைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும் விலங்கு எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தும்பைக்குரிய தனிச்சிறப்பாகத் தொல்காப்பியம் சொல்லும் நிலையோ இதையும் கடந்தது: அம்புகளும் வேல்களும் நெருங்கித் தைத்ததால், உயிர் நீங்கிய பின்னும் உடல் மண்ணில் சாயாமல் நிற்பது. இயற்கையில் இது எந்த அளவுக்கு நிகழக்கூடியது என்பது வேறு கேள்வி. ஆனால் ஒரு சமுதாயம் தன் வீரனிடம் கடைசியாக எதிர்பார்த்தது நிற்பதையே என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

எதிர்பார்ப்பு மட்டும் ஒருவனை நிற்க வைத்துவிடாது. ரோமானியர் இந்த உண்மையை நன்கு உணர்ந்து, அஞ்சும் மனிதர்களைக் கொண்டே அஞ்சாத படையை அமைக்கும் வழிகளைத் தேடினர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்து அதன் படையை நேரில் அறிந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் விவரப்படி, லீஜியன் எனப்படும் படைப்பிரிவில் வழக்கமாக 4,200 காலாட்கள் இருந்தனர். இலகுவான ஆயுதம் தாங்கியவர்களை நீக்கிப் பார்த்தால், மற்றவர்கள் மூன்று வரிசைகளாகப் பிரிக்கப்பட்டனர்: இளையவர்களாகிய ஹஸ்தாத்தி 1,200 பேர் முன்னே, பருவம் முதிர்ந்த பிரின்கிப்பஸ் 1,200 பேர் நடுவே, போரில் பழுத்த திரியாரி 600 பேர் கடைசியில். முன்வரிசை தளர்ந்தால் பின்னேயிருந்த வரிசையின் இடைவெளிகள் வழியே அது ஒதுங்கிக்கொள்ள, புதியவர்கள் முன்னே வருவர். திரியாரிகள் போர் நடக்கும்போது இடக்காலை முன்னே நீட்டி, கேடயத்தைத் தோளில் சாய்த்து, ஈட்டியை ஊன்றியபடி காத்திருந்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். நிலைமை மிக மோசமானதைக் குறிக்க, போர் திரியாரிகளிடம் வந்துவிட்டது என்று சொல்வது ரோமானியரின் பேச்சு வழக்காகவே ஆயிற்று.

இந்த அமைப்பின் நுட்பம், அச்சம் எங்கே பிறக்கிறது என்று கண்டறிந்ததில் இருக்கிறது. வாள்வீச்சின் எல்லைக்குள் நிற்கும் முன்வரிசைக்காரனுக்கு அஞ்சவும் நேரம் இல்லை, ஓடவும் இடம் இல்லை. அவனுக்குப் பின்னே நின்று, ஓலத்தைக் கேட்டும் என்ன நடக்கிறதென்று காணமுடியாமலும் தவிப்பவனே முதலில் திரும்புகிறான். ஆகவே ரோமானியர் முன்னே செஞ்சூரியன் என்ற தலைவனை நிறுத்தியதோடு, பின்னே ஆப்டியோ என்ற துணைத்தலைவனையும் வைத்து, விலகுபவர்களை அணிக்குள் திருப்பச் செய்தனர். பண்டைய போர் மணிக்கணக்கில் இடைவிடாமல் வெட்டிக்கொள்வதாக இருந்திருக்க முடியாது என்றும், சிறிது நேரம் மோதி, சில அடிகள் விலகி, மூச்சு வாங்கி, எறியீட்டிகளை வீசி, மறுபடி நெருங்குவதாகவே நடந்திருக்கும் என்றும் பிலிப் சேபின் என்ற பிரித்தானிய அறிஞர் விளக்கினார். அது சரியென்றால், விலகிய அந்தச் சில அடிகள் ஓட்டமாக மாறாமல் தடுத்தவனே போரை வென்றவன்.

செஞ்சூரியன்களை எப்படித் தேர்ந்தெடுத்தனர் என்று பாலிபியஸ் சொல்வது இந்தக் கட்டுரையின் மையப் பொருளுக்கே வருகிறது. முந்திப் பாய்ந்து சண்டையைத் தொடங்குபவர்களையும் துணிச்சலைக் காட்டத் துடிப்பவர்களையும் ரோமானியர் விரும்பவில்லை. நிதானமும் தலைமைக் குணமும் உடையவர்களை, தன் அணி நெருக்கப்பட்டுத் தோற்கும் நிலையிலும் இடத்தை விடாமல் நின்று அங்கேயே சாகத் தயங்காதவர்களை விரும்பினர். எருமை மறத்துக்கு உரை எழுதியதுபோல் அமைந்த இந்தக் கருத்து, தமிழ் இலக்கணத்தை அறியாத ஒருவரால் பல்லாயிரம் கல் தொலைவில் எழுதப்பட்டது. வேறுபாடு, தமிழ் மரபில் அது புலவன் கண்டு பாடும் ஒருவனுடைய தனிச்செயலாகவும், ரோமில் அது பதவிக்குரிய தகுதியாகவும் இருந்தது என்பதே.

அந்தத் தகுதிக்குக் கொடுத்த விலை கனமானது. கி.மு. 57 இல் இன்றைய பெல்ஜியத்தையும் வட பிரான்ஸையும் சார்ந்த நிலத்தில் நெர்வியர் என்ற இனத்தார், பாசறை அமைத்துக்கொண்டிருந்த ஜூலியஸ் சீசரின் படையை எதிர்பாராத வேளையில் தாக்கியபோது, பன்னிரண்டாம் லீஜியனின் நான்காம் பிரிவில் இருந்த செஞ்சூரியன்கள் ஒருவர் விடாமல் கொல்லப்பட்டனர். கொடி தாங்கியவனும் விழ, கொடியும் பறிபோயிற்று. சீசர் பின்வரிசை வீரன் ஒருவனிடமிருந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு முன்வரிசைக்குச் சென்று, எஞ்சிய செஞ்சூரியன்களைப் பெயர் சொல்லி அழைத்து, நெருங்கி நின்று நெருக்கப்பட்டிருந்த வீரர்களை வாள் வீசுவதற்கு இடம் கிடைக்கும்படி விரிந்து நிற்கச் செய்ததாகத் தாமே எழுதியுள்ளார். தன் புகழைத் தானே எழுதிய தலைவனின் சொற்களைச் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆயினும் கேடயம், பெயர், இடைவெளி என்று அவர் எண்ணும் மூன்றும் ஒரு படை நிலைகுலையாமல் நிற்க உண்மையில் தேவையானவை.

நிற்காதவனுக்கு ரோம் வைத்திருந்த தண்டனை கொடியது. காவலில் தவறியவனையும் இடத்தை விட்டு ஓடியவனையும் அவனுடைய தோழர்களே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு பிரிவு முழுதும் ஓடியிருந்தால், சீட்டுக் குலுக்கிப் பத்தில் ஒருவரைத் தேர்ந்து அடித்துக் கொன்று, மற்றவர்களுக்குக் கோதுமைக்கு மாறாக வாற்கோதுமை அளந்து, பாசறையின் அரணுக்கு வெளியே தங்கச் செய்தனர். கி.மு. 216 இல் கன்னே என்ற இடத்தில் கார்த்தேஜியத் தளபதி ஹானிபாலால் சூழப்பட்டு ரோமானியப் படை அழிந்தபோது, இறந்தவர்கள் லிவியின் கணக்கில் ஏறத்தாழ 48,000 பேர், பாலிபியஸின் கணக்கில் 70,000 பேர். அங்கிருந்து உயிர் தப்பியவர்களை ரோம் அணைத்துக்கொள்ளவில்லை. அவர்களைச் சிசிலித் தீவுக்கு அனுப்பி, பகைவன் இத்தாலியில் இருக்கும்வரை ஊர் திரும்பக் கூடாதென்று விதித்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த இழிவைச் சுமந்தவர்களை ரோமத் தளபதி சிப்பியோ தன் படையில் சேர்த்து ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார்; கி.மு. 202 இல் சாமா என்ற இடத்தில் ஹானிபாலைத் தோற்கடித்த படையில் அவர்களும் இருந்தனர். இடத்தை விடுதல் எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்பட்டது என்பதற்கு இதைவிட வருத்தமான எடுத்துக்காட்டு ரோம வரலாற்றில் அரிது, ஏனெனில் கன்னேயில் தவறியவர்கள் படைத்தலைவர்களே.

தமிழகத்தில் தடியடியும் சீட்டுக் குலுக்கலும் இருந்ததற்குச் சான்று இல்லை; அந்த இடத்தை நாணம் நிரப்பியது. மார்பிலும் முகத்திலும் பட்ட காயம் விழுப்புண் என்று போற்றப்பட, முதுகில் பட்ட புண் புறப்புண் என்று இகழப்பட்டது. வெண்ணிப் போரில் சோழன் கரிகாலன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகிலும் புண் செய்ததற்காக, சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். வேல் முன்னிருந்தே வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், முதுகில் வடு என்ற ஒன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்றுத் தாய், மகன் புறங்கொடுத்தான் என்று கேட்டுக் கொதித்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த மகனின் உடலைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள். இன்றைய வாசகருக்கு இந்தப் பாட்டு அச்சமூட்டக்கூடும். அந்த அச்சத்தை ஒதுக்கிவிடாமல் படிப்பதே சரி. படைத்தலைவன் பின்னே நின்று திருப்ப வேண்டிய வீரனை, அங்கே அவனுடைய வீடும் ஊரும் திருப்பின.

தகடூரோடு தொடர்புடையவராகக் கருதப்படும் பொன்முடியார் பாடிய மற்றொரு புறப்பாட்டு, தாய், தந்தை, கொல்லன், அரசன், மகன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடமையை வகுக்கிறது. வேல் வடிப்பவனும் அந்த வரிசையில் இடம் பெறுவது கவனிக்கத்தக்கது. ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்வு காட்டியதுபோல், கொங்குப் பகுதி அந்நாளில் இரும்பும் எஃகும் உருக்கியெடுத்த நாடு. ரோமானிய வீரனுக்குப் பின்னே அரசின் கருவூலம் இருந்தது, மழவனுக்குப் பின்னே ஓர் ஊர் இருந்தது என்று சொல்வது மிகையாகாது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் லீஜியன் வீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ் வெள்ளிக் காசுகள். பணியிலிருந்து விடுபடுபவனுக்குக் கொடையளிக்கக் கி.பி. 6 இல் ஒரு தனிக் கருவூலமே நிறுவப்பட்டது. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் அதே வகை வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக வந்த அக்காசுகளோடு மனிதர்களும் வந்தனர்: வேந்தனின் பாசறையில் காவல் நின்ற யவனர்களை முல்லைப்பாட்டும், மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்தி நின்றவர்களைச் சிலப்பதிகாரமும் காட்டுகின்றன. யவனர் என்ற சொல் கிரேக்கரையும் ரோமப் பேரரசின் கீழ்த்திசை மக்களையும் பொதுவாகக் குறித்ததால் அவர்கள் லீஜியன் வீரர்கள் என்று சொல்ல இடமில்லை; ஆனால் இடத்தை விட்டு அசையாமல் காவல் நிற்கும் பணிக்கென்றே தமிழ் வேந்தர் அவர்களை அமர்த்தினர் என்பது பொருளுடையது.

தமிழ் முறையில் ஒரு குறை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. நாணத்தால் நிற்பவன் தனியாகவே நிற்கிறான். அவன் விழுந்த இடத்தை நிரப்ப இன்னொரு வரிசை ஆயத்தமாக இருப்பதில்லை. யானைகள் முன்னே வர, வேந்தன் விழுந்தால் போர் முடிந்தது என்ற நிலையில், படை ஒன்று உடையத் தொடங்கினால் அதைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு யாரோ ஒருவனின் நெஞ்சுரத்தை நம்பியே இருந்தது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் இதை அறிந்தே, எண்ணிக்கை குறைந்து அழிவு நேரும் வேளையிலும் அஞ்சாமல் நிற்பது வழிவழியாக வந்த பழம்படைக்கே இயலும் என்று கூறுகிறது. அதாவது, நிற்கும் பண்பு ஒருவன் களத்தில் திடீரெனப் பெறுவதன்று, தலைமுறைகளால் ஆக்கப்படுவது என்று வள்ளுவர் கண்டார். பிற்காலச் சோழர், தனிப் பெயர்களோடு நிலையான படைப்பிரிவுகளை வைத்திருந்ததையும், அவை கோயில் அறக்கொடைகளுக்குப் பொறுப்பேற்கும் அளவுக்கு நிறுவனங்களாக வளர்ந்திருந்ததையும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

ஆனால் ஒன்றில் தமிழகத்தின் மேட்டு நிலம் ரோமை விஞ்சியது என்று துணிந்து சொல்லலாம். நின்று மடிந்தவன் எவ்வளவு எளியவனாயினும், எந்தச் செயலில் மடிந்தான் என்பதைக் கல்லில் எழுதி ஊர் அறிய நட்டு வைத்தது அது. ரோமானிய வீரர்களுக்கும் கல்லறைக் கற்கள் நிறைய உண்டு. அவை பெயர், ஊர், படைப்பிரிவு, வயது, எத்தனை ஆண்டு பணி என்பவற்றைச் சொல்லுமே தவிர, எப்படி இறந்தான் என்று சொல்வது அரிது. கி.பி. 9 இல் ஜெர்மனியக் காட்டில் மூன்று லீஜியன்கள் அழிந்தபோது உயிரிழந்த செஞ்சூரியன் மார்க்கஸ் கேலியஸுக்கு அவருடைய தம்பியோ அண்ணனோ ஆன பூப்ளியஸ் எடுப்பித்த கல், அந்தப் போரைப் பெயரிட்டுச் சொல்வதால்தான் இன்றளவும் பேசப்படுகிறது.

இவ்வாறு நட்ட நடுகற்களின் தொடக்கம் மிகப் பழையது: 2006 ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட, தமிழ் பிராமி எழுத்துடைய கற்களுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த போரில் இறந்தவனைக் குறிக்கிறது. எண்ணிக்கையில் மிகுந்தவை தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் உள்ளவை. சேலம் மாவட்டத்திலும் அவை உண்டு. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் ஆகியோரின் எல்லைகள் உரசிக்கொண்ட இந்த மேய்ச்சல் நாட்டில், ஒரு தொறுவைக் கவர்வது, அதாவது மாட்டு மந்தையை ஓட்டிச் செல்வது, பொருளைப் பறிப்பதும் போரை அறிவிப்பதுமாக இருந்தது. கவர்ந்ததை மீட்கப் போரிடுவதைக் கரந்தைத் திணை என்றும், அங்கே மற்றவர்கள் விலகிய பிறகும் ஒருவன் தனித்து நின்று வருவோரைத் தடுத்து வீழ்த்துவதை ஆளெறி பிள்ளை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை அழைத்தது. இலக்கணம் வகுத்த அந்த நிலைமையைத்தான் கற்கள் ஊர்ப்பெயரும் ஆட்பெயருமாகத் தருகின்றன: இந்த அரசனின் இத்தனையாம் ஆண்டில், இந்த ஊர்த் தொறுவை மீட்டு, இன்னான் பட்டான். இறந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்ற பெயர்களில் நிலம் கொடுக்கும் வழக்கமும் இருந்ததால், ஊரின் நன்றி பாட்டோடும் கல்லோடும் நின்றுவிடவில்லை.

இவற்றுள் மனத்தை மிகவும் தொடுவது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல். கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிரிழந்ததைச் சொல்லும் அக்கல்லில், வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் உள்ளது; கோவிவன் என்ற பெயருடைய அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்து, அங்கேயே காத்து நின்றது என்று தனியே ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. தலைவன் விழுந்த பிறகும் இடத்தை விடாத உயிர் விலங்காயினும் அதற்கும் பெயர் உண்டு, கல்லில் இடம் உண்டு என்று கருதிய மக்கள், வீரத்தைப் பிறப்பாலும் பதவியாலும் அளக்கவில்லை.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களில் செங்கம், தருமபுரிப் பகுதிக் கற்களை முறையாகப் படியெடுத்து நூலாக வெளியிட்ட பிறகே இவ்வீரர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களுக்குள் வந்தன. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி, சேலம் அரசு அருங்காட்சியகங்களிலும் சில கற்கள் பாதுகாப்பாக உள்ளன. வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் இருப்பவற்றுள் பல, சாலை அகலப்படுத்தும்போதும் நிலம் திருத்தும்போதும் இடம்பெயர்ந்து உடையும் நிலையில் உள்ளன. படிக்கப்படாத ஒரு கல் உடைந்தால், அதில் இருந்தவனின் பெயரை வேறெந்த ஓலையிலிருந்தும் மீட்க முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் இதே கற்களை வேடியப்பன் என்ற பெயரில் மக்கள் வழிபட்டு, பொங்கலிட்டுப் பூச்சூட்டி வருவதால், அங்கே அவற்றின்மீது கை வைக்க எவரும் துணிவதில்லை. கல்லில் இருப்பவனின் பெயரும் அவன் மீட்ட தொறுவின் ஊரும் அந்த வழிபாட்டில் மறந்துபோயிருக்கலாம். துறையினர் படித்த வாசகத்தை அந்தந்த ஊர்க் கோயிலில் தெளிவான எழுத்தில் எழுதி வைத்தால், பூசை செய்பவர்கள் அவனைப் பெயர் சொல்லியே அழைக்கலாம்.